உப்புக்குப் பெறாத வாதங்கள்

கதை எழுதுகிறவனுக்கு உப்பைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் கதைகளில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை என்று விமரிசகர்கள் எழுதியபோதெல்லாம் வாய் திறவாமல் இருந்த நான், சோற்றில் போடும் உப்பைப் பற்றிப் பேசக் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. படித்த, ஓரளவு வசதியுள்ள நம் குடும்பங்களில் சமீப காலமாக ஒரு புதிய ஆசாரம் புகுந்திருக்கிறது. அயோடின் கலந்த உப்பு ஆகாது என்பதுதான் அந்த ஆசாரம். பழைய ஆசாரங்களையெல்லாம் உதறிவிட்டோம் என்று பெருமை பேசுகிறவர்களே இதை அதிக சிரத்தையோடு அநுஷ்டிக்கிறார்கள். வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது என்று பாட்டி சொன்னபோது 'ஏன்?' என்று எதிர்த்துக் கேட்ட பேரன், அயோடின் கூடாது என்று முகம் தெரியாத ஒருவர் கைபேசியில் சொன்னதும், மறுபேச்சில்லாமல் உப்பு ஜாடியைக் கவிழ்த்து விடுகிறான்.

இந்த ஆசாரத்தை நான் எதிர்க்கிறேன். 'இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்' என்று வழுக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. இந்த விவகாரத்தில் நஷ்டப்படுகிறவர் வாதம் பேசுகிற மனிதர் அல்ல. இன்னும் பிறக்காத ஒரு குழந்தை. அது பந்திக்கு வந்து நம்மோடு வாதாட முடியாது. அதன் பொருட்டு யாராவது ஒருவர் பேசத்தான் வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பக்கத்து இலையில் அமர்ந்திருந்தார். இலையின் மூலையில் வைத்த உப்பை விரலால் ஒதுக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "ஸார், நீங்கள் வீட்டில் என்ன உப்பு உபயோகிக்கிறீர்கள்?" என்று ஆரம்பித்தார். பாயசம் வருகிற வரையில் அவர் ஓயவில்லை. அவர் சொன்னவற்றைத் திரட்டினால் நான்கு வாதங்கள் தேறும். கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறது, தனியாகச் சேர்ப்பது மோசடி. சேர்ப்பதோ ஒரு ரசாயனம். அந்த ரசாயனத்தால்தான் வீட்டுக்கு வீடு தைராய்டு நோய். இதையெல்லாம் சட்டம் போட்டுத் திணிப்பது, மகாத்மா காந்தி உப்புக்காக நடந்த தேசத்தில் அக்கிரமம். நான்கையும் மனிதர் நன்றாகவே பேசினார். பந்தியில் பலர் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அயோடின் என்பது என்ன? நெப்போலியனின் யுத்த காலத்தில், 1811-ல், பாரிஸில் பெர்னார் குர்துவா என்பவர் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைக் காய்ச்சிக் கொண்டிருந்தார். அதற்கு வேண்டிய சாரத்துக்காகக் கடற்பாசியைச் சுட்ட சாம்பலை உபயோகித்தார். ஒரு நாள் அந்தச் சாம்பல் கரைசலில் கந்தக அமிலம் சற்று அதிகமாக விழுந்துவிட்டது. குபுகுபுவென்று ஊதா நிறத்தில் ஆவி எழுந்தது. அது குளிர்ந்து படிந்த இடத்தில் கன்னங்கரேலென்று மினுமினுக்கும் படிகங்கள். கிரேக்க மொழியில் ஊதாவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். மனிதர்களைக் கொல்லும் வெடிமருந்துக்காகக் காய்ச்சிய கொப்பரையிலிருந்து, மனித மூளையைக் காக்கும் பொருள் வந்தது. ஒரு நாவலில் இப்படி எழுதினால் நம்ப முடியவில்லை என்பீர்கள்.

அடுத்த ஒன்பது வருஷங்களுக்குள் அது வைத்தியத்தில் நுழைந்தது. கழுத்து வீங்கித் தொங்கும் கழலைக்கு, சுட்ட கடற்பஞ்சின் சாம்பலைக் கொடுப்பது ஐரோப்பாவில் வெகுகாலப் பழக்கம். அந்தச் சாம்பலில் வேலை செய்வது அயோடினாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜினீவா நகரத்து வைத்தியர் குவான்தே ஊகித்து, 1820-ல் அதை நேரடியாகவே கொடுத்துப் பார்த்தார். கழலை வற்றியது. உடனே ஊரெல்லாம் அயோடின் பைத்தியம் பிடித்தது, அளவறியாமல் விழுங்கினார்கள், சிலருக்குத் தீங்கு நேர்ந்தது, பழி மருந்தின் மேல் விழுந்தது. அளவு மீறியதற்காக மருந்தையே தூற்றும் வழக்கம் அன்றைக்கே பிறந்துவிட்டது. 1895-ல் பாவ்மன் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் தைராய்டு சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டார். 1914-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் கெண்டல் என்பவர், அந்தச் சுரப்பியின் சாரமான தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அந்த சாரத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள். எடை போட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். அயோடின் கிடைக்காவிட்டால் சுரப்பி அதற்குப் பதிலாக வேறொன்றை வைத்துச் சமாளிக்க முடியாது. மண் இல்லாமல் பானை வனையச் சொல்வது போலத்தான்.

இனி வாதங்களுக்கு வருவோம்.

கடல் உப்பில் அயோடின் இருக்கிறதாம். கடலில் இருக்கிறது என்பது மெய். எவ்வளவு? ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 60 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் அறுபது கூறு. அதே ஒரு லிட்டரில் உப்புக்கள் 35 கிராம். நாம் ஒரு நாளில் 10 கிராம் உப்பு சாப்பிடுவதாக வைத்துக் கொண்டாலும், கடலில் இருந்த அயோடின் ஒரு துளி சிந்தாமல் அதில் வந்து சேர்ந்தால்கூட 17 மைக்ரோகிராம்தான் தேறும். வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150, கர்ப்பிணிக்கு 250. கடல் உப்பை மட்டும் நம்பி 150-ஐ எட்ட வேண்டுமானால் தினம் எண்பது, தொண்ணூறு கிராம் உப்பைத் தின்ன வேண்டும். அப்படித் தின்கிறவருக்குத் தைராய்டைப் பற்றிய கவலையே இராது. அதற்கு அவகாசம் இருக்காது. உண்மையில் அந்த 17-ம் வந்து சேருவதில்லை. பாத்தியில் உப்பு விளைந்த பிறகு வடித்து விடுகிறார்களே கசப்பு நீர், அதோடு பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்சம் வெயிலிலும் காற்றிலும் போகிறது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் எவரும் ஒரு காகிதத் துண்டில் போட்டுப் பார்த்துவிடக் கூடிய கணக்கு இது. வருமான வரிக் கணக்கில் ஒரு ரூபாயை விடாதவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதது ஏனோ?

'எங்கள் தாத்தா இதையெல்லாமா சாப்பிட்டார்?' என்பது இதன் உபவாதம். தாத்தா காலத்தில் கழுத்தில் கழலையோடு நடமாடியவர்கள் இருந்தார்கள். காது கேளாமல், பேச்சு வராமல், குள்ளமாக, புத்தி வளராமல் பிறந்த பிள்ளைகளை விதியென்று சொல்லித் திண்ணையில் உட்கார்த்தி வைத்தார்கள். நம் தாத்தா நன்றாக இருந்தார் என்பதற்காக எல்லாருடைய தாத்தாவும் நன்றாக இருந்தார் என்று அர்த்தமில்லை. இந்த தேசத்தில் ஆராய்ந்து பார்த்த 414 ஜில்லாக்களில் 337-ல் இந்தக் குறை நோயாக நிலைத்திருப்பதாகக் கணக்கு இருக்கிறது. மலை ஜில்லாக்கள் மட்டுமல்ல. சமவெளியும் அதில் உண்டு. மழையும் வெள்ளமும் மண்ணிலிருந்த அயோடினை அரித்துக் கொண்டு போய்க் கடலில் சேர்த்துவிட்ட இடங்களில், கீரையில் ஏது, அரிசியில் ஏது, ஆட்டில் ஏது?

இன்னும் நாகரிகமானவர்கள் இளஞ்சிவப்பு நிறத்தில் 'இமயமலை உப்பு' வாங்குகிறார்கள். பளபளக்கும் உறை; யானை விலை. அது பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்தில் வெட்டியெடுப்பது. இமயம் அங்கிருந்து வெகு தூரம். அது போகட்டும். இமயத்தின் அடிவாரம்தான் கழலை நோய்க்கு உலகத்திலேயே பெயர் போன பிரதேசங்களில் ஒன்று! அயோடின் பஞ்சத்துக்குப் பிரசித்தி பெற்ற மலையின் பெயரை ஒட்டி, அயோடின் இல்லாத உப்பை ஆரோக்கியம் என்று விற்கிறார்கள். பாலைவனத்தின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விற்கும் சாமர்த்தியம் இது. அப்படிப்பட்ட உறையொன்றை ஒரு கடையில் திருப்பிப் பார்த்தேன். முன்புறத்தில் 'பரிசுத்தம்', 'பாரம்பரியம்' என்று கொட்டை எழுத்து. பின்புறத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், சாப்பாட்டுக்கு அல்ல, வேறு உபயோகத்துக்கு என்று ஒரு வரி. சட்டத்துக்குப் பயந்து பின்னால் ஒன்று. நம்மைப் பயமுறுத்தி முன்னால் ஒன்று.

இரண்டாவது வாதம், சேர்ப்பது ரசாயனம் என்பது. ஆம், ரசாயனம்தான். பொட்டாசியம் அயோடேட் என்று பெயர். உப்புக்கும் ரசாயனப் பெயர் உண்டு, சோடியம் குளோரைடு. தண்ணீருக்கும் உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்படுவதானால் நாம் ஒரு வேளைகூடச் சாப்பிட முடியாது. ஒரு டன் உப்புக்குச் சேர்ப்பது ஏறத்தாழ 50 கிராம் அயோடேட். தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிறார்கள். ஒரு மனிதன் எழுபது வருஷம் வாழ்ந்தால் அவன் ஆயுள் முழுவதற்கும் வேண்டிய அயோடின் நான்கு கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. அயோடைடு என்ற இன்னோர் உருவமும் உண்டு. குளிர் தேசங்களில் அதைக் கலந்தார்கள். நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் அது நிலைக்காமல் பறந்து விடும் என்பதால்தான் இங்கே அயோடேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். உடம்புக்குள் போனதும் அதுவும் அயோடைடாகவே மாறிச் சுரப்பிக்குப் போகிறது. யோசித்துச் செய்த காரியம் இது.

ரசாயனத்துக்குப் பயந்த அந்தப் பெரியவரின் வாழ்க்கையில் அயோடின் எத்தனை வாசல் வழியாக வந்து போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். சிறு பிராயத்தில் முழங்கால் சிராய்த்தபோது துள்ளத் துடிக்கப் போட்ட டிங்க்சர் அயோடின். பள்ளிக்கூடத்தில் சோற்றுக் கஞ்சியில் சொட்டுவிட்டு நீலமாவதைப் பார்த்த அயோடின். கல்யாணப் புகைப்படத்தின் பூட்டிகளான பழைய வெள்ளித் தகட்டுப் படங்களை 1839-ல் சாத்தியமாக்கிய வெள்ளி அயோடைடு. ஆஸ்பத்திரியில் கத்தி வைக்குமுன் வயிற்றில் தடவும் பழுப்பு மருந்தில் போவிடோன் அயோடின். ரத்தக் குழாய் அடைப்பைக் காணச் சாயம் ஏற்றுகிறார்களே, அந்தச் சாயமும் அயோடின் கூட்டுப்பொருள்தான்; அதன் கனத்த அணு எக்ஸ்ரே கதிரை மறிப்பதால்தான் குழாய் படத்தில் தெரிகிறது. அவர் மனைவி விடியற்காலையில் வெறும் வயிற்றில் போட்டுக் கொள்ளும் தைராக்ஸின் மாத்திரையைப் பற்றித்தான் மேலே சொல்லிவிட்டேனே. உயிரைப் பிழைக்க வைக்க வரும்போது அயோடின் மருந்து. ஏழையின் உப்பில் சிட்டிகையிலும் சிட்டிகையாக வரும்போது விஷமா?

சிலர் 'எனக்கு அயோடின் ஒத்துக்கொள்ளாது' என்பார்கள். சாயம் ஏற்றியபோதோ, மருந்து தடவியபோதோ தடிப்பு வந்திருக்கும். அந்தக் கூட்டுப்பொருள் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். ஆனால் அயோடின் என்கிற மூலகமே ஒத்துக்கொள்ளாத மனிதன் உயிரோடு இருக்க முடியாது. அவன் கழுத்திலுள்ள சுரப்பியே அதைக் கொண்டு வேலை செய்வது.

மூன்றாவது வாதம்தான் வீட்டுப் பெண்களைக் கலங்க வைக்கிறது. அயோடின் உப்பு வந்த பிறகுதான் தைராய்டு வந்ததாம். முன்பெல்லாம் சோர்வு, முடி உதிர்தல், உடம்பு பெருத்தல் என்று ஒரு பெண் சொன்னால் 'சோம்பேறி' என்று ஒரே வார்த்தையில் வைத்தியம் முடிந்துவிடும். இன்றைக்கு ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கிறார்கள். விளக்கு ஏற்றியதால்தான் அறையில் மேஜை வந்தது என்று சொல்லலாமா? அயோடின் போதிய அளவு கிடைக்கும் ஊர்களில் சுரப்பு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் காவற்படையே தன் சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய்.

இதில் எதிராளிக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் கொடுத்துவிடுகிறேன். டென்மார்க்கில் 1998-ல் உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கி, 2000-ல் கட்டாயமாக்கி, ஜனங்களைக் கண்ணும் கருத்துமாகக் கண்காணித்தார்கள். சுரப்பு குறைவு நோய் சிறிது கூடத்தான் செய்தது. கழலையும், சுரப்பு மிகும் நோயும் குறைந்தன. எல்லாவற்றையும் தராசில் நிறுத்திப் பார்த்துவிட்டு அந்த தேசத்தார் என்ன செய்தார்கள்? நிறுத்தினார்களா? 2019-ல் அயோடின் அளவை இன்னும் உயர்த்தினார்கள். சுரப்புக் குறைவுக்கு மலிவான மாத்திரை இருக்கிறது. கருவில் வளராமல் போன மூளைக்கு மாத்திரை எங்கே இருக்கிறது? கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன்னால் சில வாரங்கள் அயோடினைக் குறைக்கச் சொல்வதுண்டு. உங்கள் டாக்டர் உங்களுக்கென்று சொன்னால் கேளுங்கள். டாக்டர் சொல்லாததைத் தெருவுக்கே சொல்லாதீர்கள்.

பசித்த சுரப்பி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்துக் கதிரியக்க அயோடின் காற்றில் கலந்தபோது, அண்டை நாடான போலந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடைடு கொடுத்தது. நல்ல அயோடினால் சுரப்பி நிறைந்திருந்தால் கெட்ட அயோடினுக்கு அங்கே இடமிராது. பட்டினி கிடக்கும் சுரப்பியோ வாசலுக்கு வந்த எதையும் உள்ளே வாங்கிக் கொள்ளும். வயிறும் அப்படித்தானே?

நான்காவது வாதம் காந்தியின் பெயரால் வருவதால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளியது எதற்காக? ஏழையின் அவசியப் பொருளின் மேல் அந்நிய சர்க்கார் வரி போட்டுப் பணம் பறித்ததற்காக. எல்லாருக்கும் வேண்டிய பொருள் என்பதால்தான் வெள்ளைக்காரன் அதில் வரி போட்டான். அதே காரணத்தால்தான் வைத்தியர்கள் அதில் மருந்து வைத்தார்கள். பணக்காரன் பால், முட்டை, மீன் என்று பல வழியில் அயோடின் பெற முடியும். கூலிக்காரன் வீட்டில் அரிசிக்கு அடுத்தபடி தவறாமல் நுழையும் பொருள் உப்பு ஒன்றே. பறித்த கையையும் கொடுக்கும் கையையும் ஒன்றென்று பேசுவது காந்திக்கு மரியாதை ஆகாது.

கட்டாயம் வேண்டாம், ஜனங்களே அறிந்து தேர்ந்து கொள்ளட்டும் என்றார்கள். அந்தப் பரீட்சையும் நடந்துவிட்டது. 1998-ல் அயோடின் சேராத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தேசம் முழுவதும் தடை வந்தது. 2000-ல் மத்திய சர்க்கார் தடையை எடுத்தது. அதற்குள் பாதி வீடுகளை நெருங்கியிருந்த அயோடின் உப்பு, இரண்டு மூன்று வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. அறிந்து தேர்ந்த லட்சணம் இது. 2006-ல் தடை மறுபடியும் வந்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு, கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு விதி போட அதிகாரமில்லை என்று சொன்னது உண்மைதான். ஆனால் வேறு ஏற்பாடு செய்ய அவகாசம் கொடுத்தது. இப்போது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை நிற்கிறது.

சிறு உப்பளக்காரரின் குறை வேறு. அது நியாயமானது. தெளிக்கும் இயந்திரமும் உறையும் பெரிய கம்பெனிகளுக்குச் சுலபம். பத்து ஏக்கர் பாத்திக்காரருக்குப் பாரம். அதற்குப் பரிகாரம் அயோடினை எடுத்து விடுவது அல்ல. பாத்திக்காரருக்கு இயந்திரமும் அயோடேட்டும் கிடைக்கச் செய்வது. சர்க்காரே உப்புத் தொழில் நடத்தக் கூடும் என்பதற்கு ராமநாதபுரம் ஜில்லா வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்து நடத்தும் தமிழ்நாடு உப்புக் கழகம் சாட்சி. 1974-ல் ஏற்பட்டது. அயோடினோடு இரும்பும் சேர்ந்த உப்பை அது தயாரிக்கிறது. வெயிலில் கால் வெந்து உப்பு வாரும் பெண்ணின் கூலிக்காக நான் எத்தனை வேண்டுமானாலும் எழுதுவேன். ஆனால் அவள் பெயரைச் சொல்லிக் கொண்டு அவள் பிள்ளையின் மூளையில் கை வைக்க வேண்டாம்.

அயோடின் உப்பினால் பலன் உண்டா என்று இன்னும் கேட்பவருக்கு நிரூபணம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்தில் 1917-ல் தொடங்கி டேவிட் மரைன் என்பவர் பள்ளிச் சிறுமிகளுக்கு அயோடைடு கொடுத்தார். உட்கொண்ட 2,190 பேரில் கழலை வந்தது 5 பேருக்கு. உட்கொள்ளாத 2,305 பேரில் 495 பேருக்கு. ஸ்விட்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் புத்தி வளராத பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து கொண்டிருந்தார்கள். 1922-ல் அங்கே உப்பில் அயோடைடைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு தலைமுறைக்குள் அந்தக் காட்சி மறைந்தது. நம் நாட்டில் டாக்டர் ராமலிங்கசாமியும் அவருடைய கோஷ்டியும் 1956-ல் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு லட்சம் ஜனங்களை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒன்றில் அயோடைடு உப்பு, ஒன்றில் அயோடேட் உப்பு, ஒன்றில் வெறும் உப்பு என்று கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டில் கழலை சரசரவென்று குறைந்தது. மூன்றாவதில் அசையவில்லை. பிறகு மூன்றாவதற்கும் அயோடின் கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. இதற்கு மேலும் ஒரு நிரூபணம் வேண்டுமென்றால், அதை ஈசுவரன்தான் நேரில் வந்து கொடுக்க வேண்டும்.

கழலையாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத கொடுமைதான் என்னை இதை எழுத வைத்தது. வயிற்றிலுள்ள சிசுவுக்கு முதல் சில மாதங்கள் சொந்தச் சுரப்பி வேலை செய்வதில்லை. தாயின் தைராக்ஸினைக் கடன் வாங்கித்தான் அது தன் மூளையைக் கட்டுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாத நாட்களில் அந்த வேலை தொடங்கிவிடுகிறது. தாயிடம் அயோடின் சற்றே குறைந்தால் பெரும்பாலும் குழந்தை செத்துப் போவதில்லை, முடமாவதும் இல்லை. பார்க்க நன்றாகவே இருக்கும். கொஞ்சம் மந்தமாக இருக்கும். அவ்வளவுதான். அயோடின் கடுமையாகக் குறைந்த ஊர்களின் குழந்தைகள் புத்திப் பரீட்சையில் பன்னிரண்டு, பதின்மூன்று புள்ளி பின்தங்கியிருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இங்கிலாந்தைப் போன்ற வசதியான தேசத்தில், பிரிஸ்டல் பகுதியில், கர்ப்ப காலத்தில் அயோடின் சற்றுக் குறைந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதில் வாசிப்பிலும் புத்திப் பரீட்சையிலும் பின்தங்கியிருந்ததை 2013-ல் வெளியிட்டார்கள்.

நாவலாசிரியனுக்கு வறுமையை எழுதத் தெரியும். வியாதியை எழுதத் தெரியும். சாவையும் எழுதத் தெரியும். வராமலே போன புத்தியை எப்படி எழுதுவது? கடைசி பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். வாத்தியார் 'மக்கு' என்கிறார். அப்பா அடிக்கிறார். அம்மா கோயிலுக்கு நேர்ந்து கொள்கிறாள். அவனும் தன்னை மக்கு என்றே நம்பிக் கொண்டு எட்டாம் வகுப்போடு நின்று மூட்டை தூக்கப் போகிறான். அவனிடமிருந்து எதுவோ திருட்டுப் போயிற்று என்பது அவனுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. திருடனைப் பிடிக்க முடியாத திருட்டு இது. திருட்டுப் போனதே தெரியாத திருட்டு.

இது எங்கோ மலைநாட்டுச் சமாசாரம் என்று நினைக்கிறீர்களா? 2018-19-ல் தேசம் முழுவதும் எடுத்த அயோடின் கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பைச் சாப்பிடும் வீடுகள் நூற்றுக்கு 76.3. எல்லா ராஜ்யங்களிலும் கடைசியில் நின்றது எது தெரியுமா? நம் தமிழ்நாடு, 61.9. உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்தபடி பேர் சொல்லும் தூத்துக்குடியை வைத்துக் கொண்டு, படிப்பிலும் ஆஸ்பத்திரியிலும் முன்னணி என்று மார் தட்டிக் கொண்டு, ஒரு சிட்டிகை உப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். மக்கு என்ற பட்டத்தை யாருக்குக் கொடுக்கலாம்?

கல்லுப்புப் பிரியம் ஒரு காரணம். கல்லுப்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அயோடின் தெளித்த கல்லுப்பும் கடையில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். உறையின் முன்புறத்துப் பாட்டைப் படிக்காமல் பின்புறத்து வரியைப் படியுங்கள். விற்கும் இடத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கி வந்ததை அடுப்புக்குப் பக்கத்தில் வாய் திறந்த சட்டியில் கொட்டி வைக்காமல், மூடியுள்ள ஜாடியில் ஈரம் படாமல் வையுங்கள். கூடியமட்டும் கொதி அடங்கும் சமயத்தில் உப்பைப் போடுங்கள். ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொன்னால் தாராளமாகக் குறையுங்கள். குறைந்த உப்பும் அயோடின் உப்பாக இருக்கட்டும். ஜனங்கள் சாப்பிடும் உப்பு குறைந்தால் அதற்கேற்ப அயோடினைக் கூட்டிக் கலக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறது.

இவ்வளவும் செய்ய உங்களுக்குப் பணம் வேண்டாம், நேரம் வேண்டாம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசும்போது தலையாட்டாமல் இருந்தால் போதும். நீங்கள் தலையாட்டுவதை உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் பார்த்துக் கொண்டிருக்கிறாள். 'பெரிய வீட்டு அம்மாவே அந்த உப்பைத் தொடுவதில்லை' என்று அவள் நாளைக்குத் தன் மகளிடம் சொல்வாள். உங்களுக்கு அது ஒரு நாகரிகம். பாலும் முட்டையும் மீனும் உங்கள் வீட்டில் அந்தக் குறையை ஒருவேளை ஈடு செய்துவிடும். அவள் மகளுக்கு இது மூன்றாவது மாதம்.